பொழுது போகாதவள் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரப் பொருள்களைக் கொண்டு செய்யும் கைவினைகள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 'வாழை மட்டையோ புல்லோ, எது கிடைத்தாலும் மிக்ஸியில் அரைத்து வடிகட்டினால் ஒரு மணி நேரத்தில் காகிதம் தயார். பொழுது போகாதவர்களுக்கு ஏற்ற வேலை' என்று அதில் ஒரு வரி. பதினேழு ஆண்டுகளாக நாரிலிருந்து காகிதமும், அந்தக் காகிதத்தைச் சுருட்டி மணிகளும் தோடுகளும் செய்துவருகிறேன். இத்தனை காலமும் பொழுது போகாமல்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை எனக்குத் தெரியப்படுத்தியமைக்கு நன்றி.

பச்சை மட்டையை அப்படியே அரைத்தால் கிடைப்பது காய்ந்ததும் உதிர்ந்துபோகும் சக்கை. நானும் முதல் மாதம் அதைச் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். மட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, சலவைச் சோடா கரைத்த நீரில் சில மணி நேரம் வேகவைத்தால்தான் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் தளர்ந்து வெளியேறும். நீரும் கஷாயம்போலக் கறுத்துவிடும். பிறகு அலசும் நீர் தெளியும்வரை அலசி, உரலில் இட்டு இடிக்க வேண்டும். மிக்ஸியின் கத்தி நாரை வெட்டிக் குட்டையாக்கிவிடும். உலக்கையின் இடியோ நாரைச் சிலிர்க்க வைக்கும். அப்படிச் சிலிர்த்த இழைகள் நீர் வற்றும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் பசையே இல்லாமல் ஒரு தாள் தாளாக நிற்கிறது. சல்லடைச் சட்டத்தைத் தொட்டியில் சாய்த்து இறக்கி, மட்டமாக மேலே தூக்கி, நீர் வடிவதற்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் உலுக்குகிற அந்த ஓர் அசைவு என் கைக்குப் படிய ஓராண்டு ஆயிற்று. தங்கள் கட்டுரையாளருக்கு ஒரு மணி நேரம் போதுமென்றால் அவர் கையை வணங்குகிறேன்.

இது முதல் முறையன்று. காகிதம் எகிப்தில் பிறந்தது என்று தங்கள் இதழ் முன்பொருமுறை எழுதியது. எகிப்தியரின் பாப்பிரஸ் என்பது ஒரு கோரைச் செடியின் தண்டைச் சீவி, சீவல்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தியது என்பதும், நாரைக் கூழாக்கி நீரில் மிதக்கவிட்டு அள்ளும் காகிதம் சீனத்தில் பிறந்தது என்பதும், மரப்பட்டை, கஞ்சாச்செடி நார், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைக் கி.பி. 105-இல் சாய் லுன் என்னும் சீன அதிகாரி அரசவைக்கு அறிவித்தார் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அப்போது நான் அனுப்பிய கடிதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு தங்கள் புகைப்படக்காரர் வந்து என் தோடுகளைப் படமெடுத்துப் போனார்; 'குப்பையிலிருந்து அழகு' என்ற தலைப்போடு அவை அச்சாயின. ஒவ்வொரு தண்டாகத் தேர்ந்தெடுத்து நான் அறுத்துவரும் நார் எப்போது குப்பையானதோ! ஜப்பானியரின் கைக்காகிதக் கலையை 2014-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது மரபு, இங்கே அது பொழுதுபோக்கு.

என் மனத்தாங்கலை விட்டுவிடுகிறேன். அதே கட்டுரையில் குன்றிமணிகளைத் துளையிட்டுக் கோத்த காதணியின் படமும், 'குழந்தைகளும் செய்யலாம்' என்ற குறிப்பும் இருந்தன. குன்றிமணியின் பருப்பில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கடினமான மேல்தோல் முழுதாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கியிருக்கக்கூடும். கோப்பதற்காகத் துளையிடும்போது உடைவது அந்தத் தோல்தான். கறுப்பும் சிவப்புமாக மின்னும் மணியை எந்தக் குழந்தைதான் வாயில் வைத்துப் பார்க்காது? போதாக்குறைக்கு, நாரை வேகவைக்கப் 'பழைய அலுமினியப் பாத்திரம் போதும்' என்றும் எழுதியிருக்கிறார். சோடா அலுமினியத்தை அரிக்கும். என் முதல் பாத்திரம் கறுத்து, புள்ளி புள்ளியாகக் குழிந்து, ஒருநாள் அடுப்பிலேயே ஒழுகியது.

எனவே, குன்றிமணியைத் துளையிட வேண்டாம், நாரை எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவையுங்கள் என்ற இரண்டு வரிகளை மட்டும் அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அது எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி