மல்டி டூல் வாங்கவிருக்கும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். மல்டி டூலில் (சைக்கிள் பழுதுபார்க்கப் பல முனைகள் ஒன்றாக மடங்கியிருக்கும் சிறு கருவி) எத்தனை முனைகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்து வாங்குவதற்கு முன், உங்கள் சைக்கிளில் உள்ள ஒவ்வொரு திருகின் அளவையும் ஒருமுறை குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கியர் சைக்கிள்களில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி), சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் தண்டு) ஆகியவற்றைப் பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) கொண்டே முறுக்கிவிடலாம். டிஸ்க் பிரேக்கின் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு) 6 போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தால் டி25 அளவுள்ள டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையும் தேவை. சக்கரம் நட்டால் பூட்டப்பட்ட சாதாரண சைக்கிள் வைத்திருப்போர், பெரும்பாலான மல்டி டூல்களில் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் இருக்காது என்பதால், அதைத் தனியாக எடுத்துவர வேண்டும்.

எடையைக் குறைப்பதற்காகச் செயின் பிரேக்கர் (செயின் கண்ணியின் ஊசியை வெளியே தள்ளும் பகுதி) இல்லாத கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. விடியற்காலையில், கடை எதுவும் திறந்திராத நெடுஞ்சாலையில் செயின் அறுந்தால், சேதமடைந்த கண்ணியைக் கழற்ற வேறு வழியில்லை. கழற்றியபின் இணைப்பதற்கு ஒரு குயிக் லிங்க் (செயினின் இரு முனைகளை எளிதில் பூட்டும் இணைப்புக் கண்ணி) உடன் இருக்கட்டும். 9 வேகச் செயினுக்கு உரியது 11 வேகச் செயினுக்குப் பொருந்தாது என்பதால், பின்சக்கரப் பற்சக்கரங்களை எண்ணிவிட்டு வாங்குங்கள்.

மிகச் சிறிய கருவி பைக்கு வசதியானதுதான்; ஆனால் கைப்பிடி குட்டையாக இருப்பதால், இறுகிய போல்ட்டைத் திருப்பப் போதிய நெம்புவிசை கிடைக்காது. வாங்கியதும் வீட்டிலேயே ஒவ்வொரு திருகிலும் பொருத்திப் பாருங்கள். வியர்வையில் துரு ஏறும். மாதம் ஒரு சொட்டு எண்ணெய் இடுங்கள்.