மாடு நிற்கும் தரையையும் கொட்டகைச் செலவு மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளுக்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் முடியும்வரை நம் பக்கத்துக் களிமண் காய்வதில்லை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஊர்களில் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். கணுக்கால் புதையும் சகதியில் கறவை மாடு நின்றுகொண்டிருக்கும். மழைக்காலத்தில் அப்படித்தான் என்று எல்லோரும் பழகிவிட்டோம். பழகியிருக்கக் கூடாது.

மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் படுக்கை வேண்டும். சேற்றில் அது படுக்கத் தயங்கும். நின்றபடியே இரவைக் கழிக்கும் மாடு தீனியைக் குறைக்கிறது, பாலையும் குறைக்கிறது. ஈரத்தில் ஊறிய குளம்பிடுக்குத் தோல் வெடித்து, அதன் வழியே கிருமி புகுந்து குளம்பு அழுகுகிறது. சாணம் கலந்த சேறு காம்பில் ஒட்டினால் மடிநோய் வருகிறது. ஒரு காம்பு அடைத்துப்போன மாட்டைச் சந்தையில் யார் நல்ல விலைக்குக் கேட்பார்கள்? பால் கறப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதே இல்லை. எலிக்காய்ச்சல் பரவுவதும் இந்தத் தேங்கிய நீரில்தான்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல ஊர்களில் மாட்டுக்கொட்டகை கட்டித் தந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூரை, தூண், தீவனத் தொட்டி, உள்தளம் என்பதோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. சேறு உண்டாவது கொட்டகை வாசலிலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், தெருவுக்குப் போகும் நடைபாதையிலும். அங்கே ஒரு ரூபாய்கூடச் செலவாவதில்லை.

சேறானால் ஒரு டிராக்டர் மண்ணைக் கொட்டுவது நம் வழக்கம். தயவுசெய்து அதற்குப் பணம் ஒதுக்காதீர்கள். சாணச் சகதிமேல் விழும் மண் இரண்டு மழைக்குள் தானும் சகதியாகிவிடும். முதலில் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழாதபடி தகரப் பீலி வேண்டும். தெருத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வேண்டும். பிறகு சகதியை வழித்து எருக்குழியில் சேர்க்க வேண்டும். அது வயலுக்கு உரம்தானே. கெட்டித்தரை தெரிந்ததும் தென்னை நார் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் அரையடி ஜல்லியோ செங்கல் உடைசலோ போட்டு, மேலே கிராவல் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பாதை நடுவில் சற்று மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் இருக்கட்டும். கூர்ஜல்லி மேலே தெரிந்தால் குளம்பைக் கிழிக்கும்.

விரிப்பு வீண்செலவு என்று பொறியாளர் சொல்லக்கூடும். அது இல்லாவிட்டால் ஜல்லி களிமண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். நார் சில ஆண்டுகளில் மக்கும் என்பது உண்மைதான். அதற்குள் அடிமண் மிதிபட்டு இறுகிவிடும். கிராமச் சாலைப் பணிகளில் இந்த விரிப்பைப் பயன்படுத்த ஒன்றிய அரசு 2020இல் ஒப்புக்கொண்டுவிட்டது. மாடு நடக்கும் பாதைக்கு மட்டும் ஏன் கூடாது? பொள்ளாச்சிப் பக்கம் நார்த் தொழில் பெரிதாக நடக்கிறது; சரக்குக்கு அலைய வேண்டியதில்லை.

ஊராட்சிகளிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராமசபை வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போது மழை வாசலில் நிற்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள். புறம்போக்கில் ஒற்றை மாட்டைக் கட்டிப் பிழைக்கும் குடும்பங்களைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். கொட்டகை இல்லாதவர்களுக்குத்தான் சேறு அதிகம்.

சங்கங்கள் ஜல்லியையும் கிராவலையும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட்டு, பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். தீவனத்துக்குப் பிடிப்பதுபோல இதற்கும் ஒரு கணக்கு திறந்தால் போதும். செப்டம்பருக்குள் சரக்கு இறங்கினால்தான் மழைக்கு முன் இடித்து இறுக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
டெல்டாவைச் சேர்ந்த ஒரு பால் உற்பத்தியாளர்