நாலாயிரம் டாலர், பத்து நாள்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரிக்குப் போனதில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தெருமுனைவரை நடக்கிறார். மற்ற செய்திகள் பிறகு. உன் லாஸ் வேகாஸ் போக்கர் பயணத்தைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டும்.

கையில் நாலாயிரம் டாலர், விடுப்பு பத்து நாள். அதில் வேர்ல்ட் சீரிஸ் போக்கர் தொடரில் 1,500 டாலர் கட்டி நுழையும் ஆட்டம் இரண்டு, மிச்ச ஆயிரத்துக்கு சாட்டிலைட், அதாவது பெரிய ஆட்டத்துக்கு நுழைவு வெல்லும் சின்ன ஆட்டம். இந்தத் திட்டம் வேண்டாம்டா. பொதுவாக இந்த ஆட்டங்களில் நூறு பேர் உட்கார்ந்தால் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. சராசரி ஆட்டக்காரன் இரண்டு முறை உட்கார்ந்தால் வெறுங்கையோடு திரும்ப 72 சதவீத வாய்ப்பு. அதே பணத்தில் 400 டாலர் ஆட்டத்தில், தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழைவதையும் சேர்த்து, ஒன்பது முறை உட்கார்ந்தால் அது 23 சதவீதமாகக் குறையும். சின்ன ஆட்டத்தில் பரிசும் சின்னது, நடத்துபவர்கள் பிடிக்கும் கழிவும் விகிதத்தில் அதிகம். ஆனாலும் முதல் பயணத்தில் நீ கற்றுக்கொள்ளப் போவது மேசையில் உட்காரும் நேரத்தில்தான்.

மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை வேர்ல்ட் சீரிஸ் நடப்பது ஹார்ஸ்ஷூ, பாரிஸ் என்ற இரண்டு சூதாட்ட விடுதிகளிலும். அதே சமயத்தில் வெனிஷியன், வின், ஆர்லியன்ஸ், சவுத் பாயின்ட் என்று பக்கத்திலேயே ஆட்டங்கள் இருக்கும். எதில் சேர்வது என்பதைப் பரிசுத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதே. ஸ்ட்ரக்சர் ஷீட் என்ற ஆட்ட அட்டவணையை எடுத்து, லெவல், அதாவது பந்தயம் ஏறும் ஒவ்வொரு கட்டமும், எத்தனை நிமிடம் என்று முதலில் பார்.

ஒன்பது பேர் மேசையில் மணிக்குச் சுமார் 30 கைதான் போடுவார்கள் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). 20 நிமிட லெவல் என்றால் பத்துக் கை. ஒரு சுற்று முடிந்ததுமே பிளைண்ட் ஏறிவிடும், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயம். அதற்கு மேல் ஆன்டி என்ற இன்னொரு கட்டாயத் தொகையும் உண்டு. இப்போது மேசை முழுவதற்கும் அதைப் பெரிய பிளைண்டில் இருப்பவரே கட்டுகிறார். அதனால் சுற்றுக்குச் செலவு சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட், ஆன்டி மூன்றும் சேர்த்து இரண்டரை பெரிய பிளைண்ட். உன்னிடம் 25 பெரிய பிளைண்டுக்கான சிப் இருந்தால் பத்துச் சுற்று தாங்கும் போலத் தோன்றும். லெவலுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது என்று வைத்துப் போட்டுப் பார், ஒரு கையும் ஆடாமல் ஐந்தே சுற்றில் கரைந்துவிடும். நல்ல சீட்டுக்குக் காத்திருந்தேன், வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கில் செத்தவர்கள். 40 நிமிட லெவலில் இரண்டு சுற்று கிடைக்கும், பொறுமைக்குப் பலன் இருக்கும். அதற்குக் கீழே போகாதே. தாமதப் பதிவு கடைசி நிமிடம்வரை திறந்திருக்கிறது என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நுழையவும் வேண்டாம். அப்போது ஆரம்ப ஸ்டாக்கே (கையிலுள்ள சிப் மொத்தம்) 20, 25 பிளைண்டாகச் சுருங்கியிருக்கும், நீ வீட்டில் பழகிய ஆட்டம் எதையும் ஆட முடியாது.

சாட்டிலைட் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணைய சாட்டிலைட்டில் புறப்பட்டு 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு தொடரின் முதன்மை ஆட்டமான மெயின் ஈவென்ட்டில் 839 பேர். 2024இல் 10,112 பேர். ஒற்றை மேசை சாட்டிலைட் பெரும்பாலும் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கு வழிசெய்வது. ஜெயித்தாலும் கையில் வருவது பெரும்பாலும் நுழைவுக்கு மட்டும் செல்லுகிற லாமர் சிப். பணமாகச் செலவு செய்ய முடியாது.

பதிவுக்கு வரிசையில் நின்று காலை வேளையைத் தொலைக்காதே. கிளம்பும் முன்பே வேர்ல்ட் சீரிஸ் செயலியில் கணக்கு திறந்துவிடு. சீசர்ஸ் ரிவார்ட்ஸ் எண் (விடுதிக் குழுமத்தின் உறுப்பினர் எண்) கேட்பார்கள். அங்கே போனதும் முதல் வேலையாக அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் கொழுத்துப்போகும், வங்கி அட்டைக்கோ தினசரி வரம்பு உண்டு. ஊரிலேயே ஏற்பாடு செய்துகொண்டு போ. அறை வாடகையில் ரிசார்ட் கட்டணம் தனி என்பதையும் கணக்கில் வை. வெளியே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும், ஆட்டக்கூடத்திலோ ஏசி நடுக்கும். ஸ்வெட்டர் அவசியம்.

நம் வீட்டு ஆட்டப் பழக்கங்களில் சில அங்கே பணத்தைத் தின்னும். பெரிய பிளைண்ட் 200 இருக்கும்போது வாய் திறக்காமல் ஒரு 1,000 சிப்பைப் போட்டால் அது ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) ஆகாது, வெறும் கால் (இருக்கும் பந்தயத்துக்கு ஈடு கட்டுவது) என்றே எடுப்பார்கள். ரெய்ஸ் என்று முதலில் சொல், பிறகு கையை நகர்த்து. சொன்ன சொல் கட்டுப்படுத்தும், திரும்பப் பெற முடியாது. சிப்பை இரண்டு தடவையாக முன்னே தள்ளினால் முதல் தடவைதான் கணக்கு. சீட்டின்மேல் ஒரு சிப் வைத்துக் காத்துக்கொள். டீலர் தெரியாமல் வாரிக்கொண்டால் உன் கை போனது போனதுதான். கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. தம்பியும் கூட வருகிறான் என்றாயே, பின்னாலிருந்து அவன் தமிழில் ஒரு வார்த்தை சொன்னாலும் உனக்குத் தண்டனை வரலாம்.

பரிசு எல்லை நெருங்கும்போது ஹேண்ட்-ஃபார்-ஹேண்ட் தொடங்கும், அதாவது எல்லா மேசையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கையாக ஆடும். நடுத்தர ஸ்டாக் வைத்திருக்கும் நீ அப்போது மோதக் கூடாதது உன்னைவிடப் பெரிய ஸ்டாக் வைத்திருப்பவரோடு. உன்னைவிடச் சிப் குறைந்தவர்கள் நாலு பேர் இருக்கும்போது ஜோடி ஒன்பதுக்காக ஆல்-இன்னை (முழுச் சிப்பையும் வைக்கும் பந்தயத்தை) கால் செய்வது பெரும்பாலும் பணத்தை வீசுவதே.

கடைசியாக வரி. 2026 முதல் அமெரிக்க வருமான வரியில் சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க விடுகிறார்கள். பத்தாயிரம் வென்று பத்தாயிரம் தோற்றாலும் ஆயிரத்துக்கு வரி வரும். கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்யாவிட்டால் அந்த 90கூடக் கிடைக்காது. எனவே ஒவ்வொரு நுழைவுக் கட்டண ரசீதையும் தேதியோடு எடுத்து வை. தம்பி உன் ஆட்டத்தில் பங்கு போடுகிறான் என்றால் எத்தனை சதவீதம், மறுநுழைவுக்கும் பங்கு உண்டா என்பதை முன்பே குறுஞ்செய்தியில் எழுதிக்கொள்ளுங்கள். வென்றால் 5754 படிவம் நிரப்பினால் அவன் பங்குக்கான வரி அவன் பெயருக்குப் போகும்.

400 டாலர் ஆட்டங்களாகப் பார்த்து, லெவல் நேரத்தோடு ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்