வௌவால் மேல் போட்ட பழி

மாப்ளே,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை, திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

கொல்லையில் 14 சாத்துக்குடி மரம் நிற்கிறதே, பழுக்கிற நேரத்தில் பழம் பொலபொலவென்று உதிர்ந்தது. வௌவால் வேலை என்று நாலாயிரம் ரூபாய்க்கு வலை கட்டினேன். சிரிக்காதே, அப்புறமும் உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் பல் தடமே இல்லை. குண்டூசி குத்தினாற்போல ஒரு துளை, சுற்றிலும் மெத்தென்று அழுகல்.

ராத்திரி டார்ச்சோடு போனேன். ஒரு பழத்தில் காய்ந்த இலை ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டதும் அதன் கண் தணல் மாதிரி மின்னியது! பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. பெரும்பாலான அந்துகளின் உறிஞ்சுகுழல் தேன் குடிக்கத்தான் லாயக்கு. இதற்கு அதன் நுனி கெட்டியாகி முள்முள்ளாக இருக்கும், தோலையே துளைத்துவிடும். துளை வழியே பூஞ்சை புகுந்தால் பழம் காலி.

நாலைந்து நாளில் பிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டு, முன்சிறகு வேறு வேறாக இருக்கிறதே என்று இரண்டு இனமாக நோட்டில் எழுதிவிட்டேன். நம் விலங்கியல் சார் 'மேல்துண்டைப் பார்த்து ஆளை எடை போடாதே' என்பாரே, ஞாபகமிருக்கிறதா? மெதுவாகப் பின்சிறகை விரித்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஆரஞ்சு மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை, நடுவில் பொட்டு வைத்தாற்போல வட்டக் கரும்புள்ளி. எல்லாம் ஒரே இனம், அறிவியல் பெயர் யூடோசிமா மாடெர்னா! நான் இரண்டு இனம் என்றது ஆணும் பெண்ணும். அந்தப் புள்ளி வட்டமாக இல்லாமல் அவரைவிதை மாதிரி வளைந்திருந்தால் அது அதன் பங்காளி, யூடோசிமா ஃபலோனியா. உன் தோட்டத்தில் கிடைத்தால் அதைப் பார்த்துச் சொல்.

இனிதான் வினையே. இதன் புழு சாத்துக்குடி இலையைத் தொடுவதில்லை. தின்பது சீந்தில் கொடியை. அது நம் வேலி முழுக்கப் படர்ந்திருக்கிறது, நட்டது அம்மா. வெட்டலாமா என்று வாயெடுத்ததுதான் தாமதம், "என்னை முதலில் வெட்டு" என்கிறாள். எனக்கும் மனசு வரவில்லை, மாப்ளே. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் அந்தக் கஷாயம்தான் தொண்டையில் இறங்கியது.

ஆகவே கொடி நிற்கிறது. நான் பழத்துக்குப் பழம் காகித உறை மாட்டிக்கொண்டிருக்கிறேன், உன்னைப் போன்ற சோம்பேறிகள் வந்து உதவலாம். வந்தால் ஒரு டம்ளர் சீந்தில் கஷாயம் நிச்சயம், அம்மா கையால்.

உன்,
அயிரை