டயட் சீட்டு எழுதறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர் சார், டயட்டீசியன் மேடம்,

என் ஃபைல் உங்ககிட்டயே இருக்கு, உடம்பு முழுக்க வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியாவும், ஓய்வெடுத்தாலும் தீராத அசதி வியாதியான க்ரானிக் ஃபேட்டிக்கும் வந்த கதையை மறுபடி முதல்லேந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. போன ரிவ்யூல வெயிட் மெஷின்ல ஏறினேன், மூணு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சிருந்துச்சு, "வெரி குட், இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க"ன்னீங்க. நான் டயட் இருந்து இளைக்கல சார், சமைக்க முடியாம இளைச்சேன்.

உங்க சீட்டுல பால் கட், கோதுமை கட், சர்க்கரை கட், பாக்கெட்ல வர்ற எதையும் தொடக்கூடாது, மூணு வேளையும் ஃப்ரெஷ்ஷா சமைக்கணும். யாரு சமைக்கிறதுன்னு மட்டும் போடல. ஒரு நாள் அதுல இருக்கிறபடியே செஞ்சு பார்த்துடுவோம்னு கேரட் நறுக்க உட்கார்ந்தேன், ரெண்டாவது கேரட்டுலயே கத்தி பிடிச்ச கட்டைவிரல் மடங்கல, பல்லைக் கடிச்சுக்கிட்டு நறுக்கி முடிச்சு அடுப்புகிட்ட இருபது நிமிஷம் நின்னேன். அன்னிக்கு ஒண்ணும் ஆகல, கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. மறுநாள் சாயந்திரம் அடிச்சுப் போட்ட மாதிரி படுத்தவ நாலு நாள் எழுந்திரிக்கல. அந்த நாலு நாளும் பிஸ்கட்தான், பாக்கெட்ல வந்ததுதான், மன்னிச்சுக்கோங்க.

அதனால கேக்கறேன், சீட்டு எழுதறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நிக்க முடியும்னு ஒரு வார்த்தை கேளுங்க.

க்ரானிக் ஃபேட்டிக் உள்ளவங்க எடை குறைஞ்சு சத்துக்குறைவு வர்ற மாதிரி இருந்தாலோ, நிறைய சாப்பாட்டை ஒதுக்கிட்டாலோ, இந்த வியாதி தெரிஞ்ச டயட்டீசியன்கிட்ட அனுப்பணும்னு பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ்ங்கற அமைப்போட 2021 வழிகாட்டுதல்ல இருக்கு. எனக்கு ரெண்டும் இருக்கு, ஆனா நான் டயட்டீசியன்கிட்டேந்துதானே வர்றேன், இனி எங்க போறது? வீட்டுக்குள்ளயே கிடக்கறவங்களுக்கு வைட்டமின் டி குறையலாம்னும் அதுல இருக்கு, எனக்கு அந்த டெஸ்ட்டே எழுதல. கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடிதான் சீலியாக், அதாவது கோதுமை குடலைப் பாதிக்கிற வியாதி இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் எடுக்கணும், நிறுத்திட்டு எடுத்தா சரியா காட்டாது, அதையும் நானே படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு. இதுல பார்க்கிறவங்கல்லாம் வேற ஆளுக்கொரு பவுடர் சொல்றாங்க, மக்னீசியம்ங்கறாங்க, கோஎன்சைம்ங்கறாங்க, வைத்தியம் தெரியாத ஒரே ஆளு நான்தான் போல.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன். கேக்கறது சின்ன விஷயம்தான். ரத்தத்துல இரும்பு, பி12, டி, தைராய்டு பார்த்துட்டு எழுதுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல கட் பண்ணாம ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்க, சில வாரத்துல வித்தியாசம் தெரியலன்னா திருப்பிச் சாப்பிடுன்னும் சொல்லுங்க. நறுக்கி உறைய வச்ச காய், டின்ல வர்ற பயறு இதெல்லாம் பாவம் இல்லன்னு ஒரு வரி சேருங்க. முக்கியமா, எவ்ளோ நேரம் நிக்க முடியும்னு தயவுசெஞ்சு கேளுங்க.

அடுத்த மாசம் வர்றேன். ரூம்ல பேஷன்ட்டுக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க, போன தடவ நின்னுக்கிட்டேதான் பேசினேன்.

இப்படிக்கு,
ஆறு கிலோ குறைஞ்சதுக்குப் பாராட்டு வாங்கினவ