மீதித் துகள்கள் எங்கே போயின? நானோ மருத்துவ ஆய்வுக்கு நிதி வழங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எலியின் உடலில் கட்டி மட்டும் பளிச்சென ஒளிரும் படத்தோடு, புற்றுநோயைக் காட்டவும் அழிக்கவும் வல்ல இன்னொரு நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) உருவாகிவிட்டது என்ற அறிவிப்பைச் சென்ற வாரம் படித்தேன். அப்போது என் அக்காவை இரண்டாம் முறையாக அறுவை அரங்கிற்குள் அனுப்பிவிட்டு வெளியே அமர்ந்திருந்தேன்.

முதல் அறுவையில் கட்டி முழுவதையும் எடுத்துவிட்டதாகவே மருத்துவர் நம்பினார். கண்ணாலும் விரலாலும் அறியக்கூடிய அனைத்தையும் அவர் செய்தார். பல நாள் கழித்து வந்த நோயியல் அறிக்கையோ, வெட்டியெடுத்த திசுவின் விளிம்பில் புற்றணுக்கள் இருப்பதாகச் சொன்னது. ஆறத் தொடங்கிய இடத்தையே மறுபடியும் அறுக்க வேண்டியதாயிற்று. "இது அன்றைக்கே தெரிந்திருக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டாள். கட்டியின் விளிம்பை அறுவையின்போதே காட்டும் ஒளிரும் துகள்கள் இந்தக் கேள்விக்குத்தான் விடையாகும் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறீர்கள்.

ஒளிரும் நானோ துகள்களில் ஒரு வகையான குவாண்டம் புள்ளிகளுக்கு 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால், பத்தாண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, விலங்குகளின் உடலில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்த பங்கின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு மட்டுமே. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அடங்குபவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறலாம். அதைவிடப் பெரியவை, அதிலும் நச்சு உலோகமான காட்மியம் கொண்டவை, உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? நிதி கோரும் ஒவ்வொருவரிடமும் மீதித் துகள்களின் கணக்கைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இது நடக்காத காரியமன்று. சிறுநீரில் வெளியேறும் அளவுக்குச் சிறிய, சிலிக்காவால் ஆன ஒளிரும் துகள்களை மனிதரிடம் முதற்கட்டமாகச் சோதிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இலேயே இசைவளித்தது. தோலுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் கட்டியின் ஒளி திசுக்களில் சிதறி மங்கிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் அறுவையின்போது திசு திறந்தே இருப்பதால், விளிம்பைக் காட்டும் பணிக்கு அந்தத் தடை பெரிதன்று. ஒளியூட்டிக் கட்டியை அழிக்கும் சிகிச்சை வரும்போது வரட்டும். விளிம்பைக் காட்டும் துகளை முதலில் மருத்துவர் கையில் கொடுங்கள்.

புதிய துகளைச் செய்பவருக்கு உடனே நிதி கிடைக்கிறது. பழைய துகள் ஈரலில் எத்தனை மாதம் தங்குகிறது என்று பொறுமையாகப் பார்ப்பவரிடம் இதில் என்ன புதுமை என்று கேட்கிறார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தே ஆய்வாளரை எடைபோட்டால், துகள்கள் எலியைத் தாண்டி எப்போது வரும்? நோயாளிகளிடம் காலம் அவ்வளவு தாராளமாக இல்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். எத்தனை விழுக்காடு கட்டியை அடைந்தது, மீதி எங்கே போனது, எவ்வளவு காலம் தங்கியது என்ற மூன்று கேள்விகளையும் அடுத்த விண்ணப்பப் படிவத்திலேயே கட்டாயமாக்கி, அவற்றுக்கு விடை தேடும் நீண்டகால ஆய்வுக்கும் நிதி ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்காவின் இரண்டாம் அறிக்கைக்காகக் காத்திருக்கும் தங்கை