கருப்பட்டிக்க மவ வந்திருந்தா

மக்கா,

சுகந்தானே? மூணு நாளா போன் அடிக்கேன், சுவிட்ச் ஆஃப்னே வருது, பேரன் கேம் விளையாடி சார்ஜ தீத்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன், அதான் உக்காந்து எழுதிட்டேன். வாட்சப்புல அனுப்புதேன், கண்ணாடிய போட்டுகிட்டு நிதானமா வாசி, கொஞ்சம் நீளமாக்கும்.

இஞ்ச மழை விட்டபாடில்ல. ஐப்பசி முழுக்க ஊத்திட்டு கார்த்திகையிலயும் விடுவனாங்குது. எனக்க வலது முட்டு மழைக்கு முந்தின நாளே சொல்லிரும், வானிலைக்காரன் வேண்டாம். வீட்டுக்காரி சுகம். சாளை மலிவா கெடைக்குது, மரச்சீனியும் சாளைக் கறியுமா ஓடுது, ஆவடியில உனக்கு இது கெடைக்காதுன்னு அவ நேத்தும் சொல்லி சிரிச்சா.

சரி விசயத்துக்கு வாறேன். போன செவ்வாய்க்கெழம நாகர்கோயில் மிலிட்டரி கேன்டீனுக்குப் போயிருந்தேன். பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு லைஃப் சர்ட்டிஃபிகேட் குடுக்குத மாசம் இல்லியா, நம்ம ஆளுக எல்லாம் அங்கதான், வரிசை ரோடு வரைக்கும். நான் ஸ்கூட்டர நிறுத்தி டோக்கனுக்கு நிக்கேன், ஒரு பொண்ணு வயசான ஒரு அம்மாவ கைய புடிச்சு கூட்டிட்டு வந்தவ, எனக்க வண்டிக்க முன்னால ஒட்டுன யானை ஸ்டிக்கர பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டா. "சார் நீங்க மெட்ராஸ் ரெஜிமென்டா, எங்கப்பாவும் அதுதான்"ன்னா. எந்த பட்டாலியன்னு கேட்டேன், சொன்னா. நம்மளுது! எப்ப ரிட்டயர் ஆனாருன்னு வாய் தவறி கேட்டுட்டேன். 87ல ஸ்ரீலங்காவுலன்னா. நான் பொத்துனு வாய மூடிட்டேன்.

பேரு சொன்னா, எனக்கு ஆளு பிடிகிடைக்கல்ல மக்கா. போட்டோ காட்டினா, கல்யாணத்துக்கு கருங்கல் ஸ்டூடியோவுல எடுத்தது, மீசையும் பவுடருமா யாரோ மாதிரி இருக்கு. நம்ம கம்பெனியில அப்பிடி ஒரு பேரே இல்லன்னு சொல்ல வாய் எடுத்தேன், அதுக்குள்ள அந்த அம்மா நம்பர சொல்லிச்சு. படிக்கத் தெரியாத அம்மா, ஆர்மி நம்பர மட்டும் ஒரு எழுத்து பிசகாம பாட்டு மாதிரி சொல்லுது, 38 வருசமா பென்ஷன் ஆபீஸ்ல கேட்டு கேட்டு மனப்பாடம். கடைசி மூணு எண்ண கேட்டதும் எனக்கு கை விறைச்சுப் போச்சு. எனக்க நம்பருக்கு நாலு தள்ளி. ஒரே நாள் சேந்தவன், வெல்லிங்டன்ல ஒரே பேரக்ல எனக்கு மூணாவது கட்டில். பின்ன யாரு? நம்ம கருப்பட்டி!

நீயே சொல்லு, அவனுக்க நெசப் பேரு உனக்கு தெரியுமா? ரோல் கால்ல தினமும் கேட்டிருப்போம், ஆனா மனசுல ஏறல்ல. கருப்பட்டின்னா தெரியும். லீவு முடிஞ்சு வரும்போ ஒரு பிஸ்கட் டப்பா நெறைய கருப்பட்டி கொண்டாருவான், அத பெட்டிக்குள்ள பூட்டி வெச்சு ராத்திரி சாயாவுக்கு ஆளுக்கொரு துண்டு ரேஷன் மாதிரி தருவான். அந்த பொண்ணுகிட்ட ரெக்கார்டு ஆபீஸ் கடுதாசி, டெத் சர்ட்டிஃபிகேட், மெடலு, எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு. ஆளு எப்பிடி இருப்பாருன்னு மட்டும் தெரியாது. நமக்கு ஆளு தெரியும், பேரு தெரியாது. கூத்தப் பாரு.

87 மே மாசம் லீவுல வந்துட்டுப் போனவன், ஜூலை 29 இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, பொறவு அமைதிப்படைன்னு நம்மள அங்க கொண்டு போனானுவ. பிள்ளை பொறந்தது 88 பிப்ரவரி. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளைக, ஸ்கூல் டீச்சர். டெல்லிக்குப் போயி இந்தியா கேட்டுக்குப் பக்கத்துல 2019ல தொறந்த போர் நினைவிடத்துல அவனுக்க பேர பாத்திருக்கா. வட்டம் வட்டமா சுவரு, கருங்கல்லுல பேரா அடுக்கி வெச்சிருக்கு, தடவிப் பாத்தேன் சார்ன்னா. அடுத்த கேள்விய கேளு: "எங்கப்பா பேசினா எப்பிடி இருக்கும் சார்?" எப்பிடி செத்தாருன்னு கேப்பான்னு நெனச்சு நான் பயந்துகிட்டு இருக்கேன், இவ இத கேக்குதா.

மூக்கால பேசுவான்னு சொன்னேன். சிரிச்சா, எனக்க ரெண்டாவது மவனும் அப்பிடித்தான்னா. பொறவு அங்க டோக்கன் போனதே தெரியல்ல, பக்கத்து சாயாக்கடையில உக்காந்து ரெண்டு மணிக்கூறு பேசினேன்.

யாழ்ப்பாணத்துல கோப்பாய் பக்கம் அந்த கிழவி வீட்டு சமாச்சாரம் ஞாபகம் இருக்கா? கிடுகு வேலி போட்ட வீடு, நாம தேடுதலுக்குப் போனோம், சுத்தியும் பனையாட்டு நிக்குது. கருப்பட்டி அண்ணாந்து பாத்துட்டு இது அலகுப்பனை, அது பருவப்பனை, அதுக்க பாளை சீவியாச்சுன்னு வகுப்பு எடுக்கான், ஹவில்தார் ஹிந்தியில திட்டுதாரு. அந்த அம்மச்சி நாம தமிழ் பேசுகத கேட்டதும் பயம் கொறஞ்சு, வெறுந்தேத்தண்ணி போட்டு, கடிச்சுக் குடிக்க பனங்கட்டின்னு ஒரு துண்டு தந்துது. இவன் வாயில போட்டுட்டு "ஏ, இது நம்ம கருப்பட்டியில்லா"ன்னு துள்ளினான். துப்பாக்கிய மடியில வெச்சுகிட்டு அந்த அம்மச்சிகிட்ட எங்க ஊருல பதனீர அக்கானின்னு சொல்லுவோம், நீங்க என்ன சொல்லுவியன்னு கேக்கான், அது கருப்பணின்னுது. ரெண்டு பேரும் சம்மந்தக்காரங்க மாதிரி பேசுதாவ. நாம கெளம்பும்போ அந்த அம்மச்சி அவனுக்க சட்டைய புடிச்சு, "என்ர பிள்ளையக் கண்டனீங்களோ தம்பி"ன்னு கேட்டுது. எந்தப் பக்கத்து பிள்ளைன்னு அதும் சொல்லல்ல, இவனும் கேக்கல்ல. இல்ல அம்மச்சின்னு மட்டும் சொன்னான், அன்னைக்கு ராத்திரி சாயா குடிக்கல்ல.

இத எல்லாம் அந்த பொண்ணுகிட்ட சொன்னேன். அவன் செத்த அந்த நாள மட்டும் சொல்லல்ல. நான் மூணாவது வண்டி, அவன் மொதல் வண்டி, கலுங்குக்கு அடியில வெச்ச வெடி, அவ்வளவுதான் எனக்கு நிச்சயம். இத்தன வருசமா அது தீவாளிக்கு முந்தின நாளுன்னு நெனச்சு எனக்க வீட்டுல தீவாளிக்கு ஒரு நாள் முன்னாடி மெழுகுதிரி ஏத்துதேன். கடுதாசியில பாத்தா 24ஆம் தேதி போட்டிருக்கு. அந்த வருசம் தீவாளி அக்டோபர் 21. மூணு நாள் கழிச்சு நடந்தத முன்னாடி கொண்டு வெச்சிருக்கேன் பாரு. மழை பெஞ்சுதுன்னு எனக்கு உறுதி, நீ ஒரு தடவ வெயிலுன்னு சொன்ன. நீ ரெண்டாவது வண்டி இல்லியா, கிட்டத்துல பாத்தவன் நீ. அவ ஒரு நாள் கேப்பா, அப்ப தப்பா சொல்லப்பிடாது.

ஏன் இத்தன வருசம் நாம ஒருத்தனும் அந்த வீட்ட தேடிப் போகல்லன்னு வீட்டுக்காரி கேட்டா. என்ன சொல்ல? 1990 மார்ச் 24 திரிகோணமலையில இருந்து கடைசி கப்பல் கெளம்புச்சு, மெட்ராசுல இறங்கினவங்கள வரவேற்க முதலமைச்சர் வரமாட்டேன்னுட்டாரு, அவருக்கு அவருக்க ஞாயம் இருந்திருக்கும், அத நான் குத்தம் சொல்லல்ல. ஆனா திங்கள்சந்தையில மீன் வாங்கப் போனா "என்னல, நம்ம சனங்களயே சுட்டியளாமே"ன்னு நேர கேட்டானுவ, உன்னயும் பூதப்பாண்டியில கேட்டானுவ. இல்லன்னு சொல்லவும் முடியல்ல, ஆமான்னு சொல்லவும் முடியல்ல. அந்த தீவாளி அன்னைக்குத்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர், நர்ஸ், நோயாளிங்கள எல்லாம் சுட்டது, நாம அங்க இல்ல, ஆனா போட்டிருந்த உடுப்பு ஒண்ணுதான். நம்ம பக்கம் 1,100 பேருக்கு மேல செத்தானுவ, அங்க உள்ளவங்க கணக்கு யாரு எடுத்தா. வாய மூடிட்டோம். கார்கில்னா மாலை போடுகான், இதுக்கு பேச்சே இல்ல.

பொறவு இன்னொண்ணு. கருப்பட்டி மவளுக்க வீட்டுக்காரன் கம்ப்யூட்டர் படிச்சவன், எனக்க அப்பூப்பனுக்க தம்பி ரெண்டாம் உலகப் போருல பர்மாவுக்குப் போயி வரல்லன்னு பேச்சுவாக்குல சொன்னேன், ராத்திரியே தேடி எடுத்துட்டான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு, அவங்க வெப்சைட்ல காசில்லாம தேடலாம். மொதல்ல தமிழ்நாடுன்னு போட்டு ஒண்ணும் வரல்ல, பொறவு நான்தான் சொன்னேன், எல 56 நவம்பர் வரைக்கும் நாம திருவிதாங்கூருல்லா, அதப் போடுன்னு. வந்துட்டு! பேர கொன்னு வெச்சிருக்கான் வெள்ளக்காரன், ஆனா தகப்பன் பேரும் ஊரும் சரி, பயோனியர் கோர்ன்னு ரோடு வேலை செய்யுத பட்டாளம், 1944. ரங்கூனுக்குப் பக்கத்துல தவுக்கியான்ல தூணுல பேரு இருக்காம், உடம்பு கெடைக்காதவங்க 27,000 பேரு கிட்ட அங்க. எனக்கு சந்தோசம் வரணும், வந்துச்சு, அஞ்சு நிமிசம். பொறவு அவரு சிவப்பா கறுப்பா, பாடுவாரா குடிப்பாரான்னு கேக்க யாரு இருக்கா? ஒரு ஆளு இல்ல.

அதான் பட்டாலியன் குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டேன், கருப்பட்டி நம்பர், கம்பெனி, வருசம் எல்லாம் சொல்லி, கூட இருந்தவங்க பேசுங்கடேன்னு. பதினாலு பதில் வந்துது, பதிமூணு குட்மார்னிங் ரோசாப்பூ. ஒண்ணு மட்டும் பாலக்காட்டு ரேடியோ ஆபரேட்டர், "கருப்பட்டியோ, அவன் எனக்கு எட்டு ரூவா தரணும்"னான், ரெண்டு பேரும் போன்ல அழுதோம். தேனிக்காரன், அந்த நாயக் ரேங்க்காரன தேடணும். சமையல்கார தம்பி போயிட்டான்னு கேள்வி. உனக்கு யாரு நம்பராவது இருந்தா அனுப்பு.

கருப்பட்டி மவளுக்கு யாழ்ப்பாணத்துல பலாலிக்குப் போகணுமாம். அங்க ஏர்போர்ட் பக்கம் நம்ம ஆளுகளுக்கு நினைவுத்தூண் இருக்கில்லா. இப்ப நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் ஓடுது, சென்னையில இருந்து பிளைட்டும் உண்டு. நீங்க ரெண்டு பேரும் வருவீங்களா சார்ன்னா. நான் பதில் சொல்லல்ல. கோப்பாயில அந்த கிழவி வீட்டுல இப்ப யாரு இருக்காவளோ, நாம போயி கதவத் தட்டினா என்ன சொல்லுவாவளோ.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அவ வீட்டுக்கு போன ஞாயிறு போனேன். அவனுக்க சாமான் திருப்பி அனுப்பினப்ப ஆர்மி ஒரு லிஸ்ட் வெச்சிருக்கான், அத காட்டினா. வாட்ச் 1, வேதபுஸ்தகம் 1, செருப்பு ஒரு ஜோடி, பிஸ்கட் டப்பா, காலி, 1. அந்த அம்மா டப்பாவ கொண்டு வந்துது, உள்ள பட்டனும் ஊசியும் நூலும் போட்டு வெச்சிருக்கு. "நான் நெறச்சுல்லா குடுத்துவிட்டேன், அவரு தின்னு தீத்திருப்பாரா"ன்னு எங்கிட்ட கேட்டுது.

எல, பாதி டப்பா மீதி இருந்துதுல்லா. அவன் போன பொறவு மூணு ராத்திரி நாமதான் சாயாவுல போட்டு குடிச்சோம், கடைசித் துண்ட நீ ரெண்டா ஒடச்சு எனக்கு தந்த. நான் அந்த அம்மா முகத்த பாத்து, ஆமா, நல்லா தின்னாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்ததுல இருந்து உறக்கம் இல்ல.

கிறிஸ்மசுக்கு ஊருக்கு வருவியா? டிக்கெட் இப்பமே போடு, கடைசியில கெடைக்காது. ரெண்டு பேருமா போயி நெசத்த சொல்லுவோம். கோட்டாறு சந்தையில நல்ல கருப்பட்டி வந்திருக்கு, ரெண்டு கிலோ வாங்கி வெச்சிருக்கேன்.

போன சார்ஜ் போடு.

உனக்க
மூணாவது வண்டிக்காரன்